பிளாட் என்றால் என்ன?

ஆங்கில பாஷையில் எனக்கு அர்த்தம் தெரியாத வார்த்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றிடம் எனக்குப் பயம் கிடையாது. தெரியாது என்பது தெரிந்திருப்பதால் அகராதியைப் பார்த்துக் கொள்ளலாம். என் பயமெல்லாம், அர்த்தம் தெரியும் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிற வார்த்தைகளிடந்தான். அப்படிப்பட்ட ஒரு வார்த்தை, நாலே எழுத்துள்ள வார்த்தை, எங்கள் சித்தப்பாவின் மூன்று மா நஞ்சையை விழுங்கிவிட்டது.

அந்த வார்த்தைதான் 'பிளாட்'.

சித்தப்பாவின் கிராமம் கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பக்கத்து நிலம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வயலும் வானமும் ஒரே கோட்டில் போய்ச் சந்திக்கும். நடுவில் எழுந்து நிற்பது ஒரு பனை மரமாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு கோபுரமாக இருக்கும். மூன்றாவது ஒன்று கிடையாது. சித்தப்பா தம் ஆயுளில் முதன் முதலாக மலையைப் பார்த்தது இருபத்தைந்தாவது வயதில், திருச்சி உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் போனபோது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கல்லையும் யாரு கொண்டாந்து ஒரே எடத்துல கொட்டினது?" என்று கேட்டாராம். சித்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றியதில்லை. தரை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் உள்ள மனிதர் வேறு எப்படிக் கேட்பார்?

2012ஆம் வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறக்கவில்லை. செப்டம்பர் மாதம் பாதிக்கு மேல் போன பிறகுதான் திறந்தார்கள். எங்கள் ஊர் கடைமடை. பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வந்து சேருகிற கதைதான். குறுவையை அடியோடு மறந்தாயிற்று, சம்பாவும் பொய்த்தது. சித்தப்பா தினம் காலையில் டீக்கடைக்குப் போய், பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அணையின் முழு மட்டம் 120 அடி. அந்த வருஷம் அவர் பார்த்த எண்கள் அந்த எண்ணுக்கு வெகு தூரத்தில் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து சின்னவன் டெலிபோனில் பேசினான். சின்னவன் சித்தப்பாவின் ஒரே பிள்ளை. எனக்குத் தம்பி முறை. "அப்பா, வேளச்சேரிப் பக்கம் ஒரு பிளாட் பார்த்திருக்கேன். கையில இருக்கறது பத்தாது. மேற்கொண்டு லோன் போடறேன். மூணு மாவைக் குடுத்தா சரிக்கட்டிடலாம்" என்றான்.

எங்கள் பக்கத்தில் 'பிளாட்' என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாலை ஓரத்து வயலில் ஒரு நாள் லாரி லாரியாக மண் வந்து இறங்கும். மறு மாதம் வெள்ளைக் கற்களை வரிசையாக நட்டு மஞ்சள் வர்ணம் பூசியிருப்பார்கள். சிமெண்டினால் ஒரு வளைவு எழும். அதில் ஏதாவது ஒரு அம்மன் பெயரோ தலைவர் பெயரோ சொல்லி 'நகர்' என்று எழுதியிருக்கும். கொஞ்ச தூரம் கொடிகள் பறக்கும். இதுதான் பிளாட், அதாவது மனை. ஆங்கிலத்தில் இது வேறு வார்த்தை; எழுத்தும் வேறு.

ஆகவே சித்தப்பா மனையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார். சின்னவன் பதில் சொன்னான்.

"எந்தப் பக்கம் பார்த்தது?"

"கிழக்குப் பார்த்ததுப்பா."

"தண்ணி எப்படி?"

"நல்ல தண்ணி."

"அக்கம் பக்கம்?"

"எல்லாம் நம்ம மாதிரி வேலைக்குப் போறவங்க."

"எவ்வளவு?"

"தொள்ளாயிரம் சதுர அடி."

சித்தப்பா மனக்கணக்குப் போட்டார். ஒரு குழி 144 சதுர அடி. தொள்ளாயிரம் என்றால் ஆறே கால் குழி. எங்கள் ஊரில் நூறு குழி ஒரு மா. ஆக, முந்நூறு குழியைக் கொடுத்து ஆறே கால் குழி வாங்குகிறான் பிள்ளை. "பட்டணத்துல அப்படித்தான் போலிருக்கு" என்று சித்தியிடம் சொன்னார். மண்ணுக்கு மண் என்று அவர் மனம் சமாதானம் அடைந்துவிட்டது. எத்தனை கேள்வி கேட்டாலும் அத்தனைக்கும் பொருந்துகிற மாதிரி பதில் வந்துவிட்டால், மனிதன் என்ன செய்வான்?

மூன்று மாவும் கைமாறியது. வாங்கியவர் மனை வியாபாரி. சித்தப்பாவிடம் மிச்சம் இருந்தது அதற்கு அடுத்தாற்போல் இரண்டு மா.

2014ஆம் வருஷம் தை மாதம் கிரகப்பிரவேசம். அழைப்பிதழில் 'பிளாட் நெ. எஃப் 3' என்று அச்சிட்டிருந்தார்கள். சித்தப்பா அதை மனையின் இலக்கம் என்றே படித்திருக்கிறார். சித்திக்கு முழங்கால் வலி, வரவில்லை. வெளிப்பாளையத்திலிருந்து நான் கிளம்பி, சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் போவதாக ஏற்பாடு. நாகப்பட்டினம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தோளில் பையோடு, ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு தென்னங்கன்றுகளும், காம்பு கழற்றிய ஒரு மண்வெட்டியும் வைத்திருந்தார்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"கொல்லையில வைக்கத்தான். அங்க கன்னு விலை ஜாஸ்தியாம். மம்புட்டியும் நம்மூரு மாதிரி வராது."

எனக்கு விஷயம் தெரியும். சின்னவன் வாங்கியிருப்பது மூன்றாவது மாடியில் ஒரு வீடு என்று என்னிடம் சொல்லியிருந்தான். சித்தப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரயிலில் இடம் பிடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கன்றுகளைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான் விடிய விடிய விழித்துக்கொண்டு கிடந்தேன். ஐம்பது வருஷமாக வார்த்தைகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன், ஒரு வார்த்தையின் அர்த்தத்தைச் சொல்ல வாய் வராமல் சென்னை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

இந்த வெட்கத்தினால்தான் ஊருக்குத் திரும்பியதும் அகராதியை எடுத்தேன் என்று நினைக்கிறேன். என்னிடம் இருக்கிற ஆங்கில அகராதியில் 'ஃப்ளாட்' என்ற சொல் ஒரு பத்தி முழுவதையும் அடைத்துக்கொண்டு அடுத்த பத்தியிலும் காலை நீட்டியிருந்தது. தட்டையானது, சமதளமானது என்று யோக்கியமாகத்தான் ஆரம்பிக்கிறது. போகப் போக அந்தச் சொல்லுக்கு நல்ல காலமே இல்லை. காற்றுப் போன டயர் ஃப்ளாட். காரம் போன சோடா ஃப்ளாட். உயிர் போன பாட்டரி ஃப்ளாட். வியாபாரம் படுத்துவிட்டால் மார்க்கெட் ஃப்ளாட். முகத்தில் அடித்தாற்போல 'முடியாது' என்றால் அது ஃப்ளாட்டான மறுப்பு. ஒருவர் சொன்ன ஹாஸ்யத்துக்கு யாரும் சிரிக்காவிட்டால் அது ஃப்ளாட்டாக விழுந்துவிட்டது என்பார்கள். இந்த அர்த்தம் எனக்கு மேடை அனுபவத்திலேயே நன்றாகத் தெரியும். நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மூக்கு முட்டக் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவன் நம் ஊரில் 'ஃப்ளாட்'. எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொக்கிப் போன வாலிபனும் 'ஃப்ளாட்'.

சங்கீதத்தில் மட்டும் கொஞ்சம் கௌரவம் உண்டு. ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா? நம் பாடகர்கள் 'ஒன்றரைக் கட்டை' என்று சொல்கிற கறுப்புக் கட்டைக்கு மேல்நாட்டில் இரண்டு பெயர். கீழேயிருந்து ஏறி வந்தால் அது 'ஷார்ப்'. மேலேயிருந்து இறங்கி வந்தால் அதுவே 'ஃப்ளாட்'. கட்டை ஒன்றுதான், தொட்டால் வருகிற ஓசையும் ஒன்றுதான். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. தந்தையும் மகனும் டெலிபோனில் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் தொழிலிலும் இந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927ஆம் வருஷம் நாவலைப் பற்றி வெளியிட்ட ஒரு புத்தகத்தில் கதாபாத்திரங்களைத் தட்டை என்றும் உருண்டை என்றும் இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடக் கூடியவர் தட்டை. நம்பும்படியாக நம்மைத் திடுக்கிட வைக்கக் கூடியவர் உருண்டை. அன்றிலிருந்து விமரிசகர்களுக்குக் கொண்டாட்டம். என் நாவல் ஒன்றில் சித்தப்பாவைக் கொஞ்சம் பெயர் மாற்றி ஒரு மிராசுதாராக நடமாட விட்டிருந்தேன். (நிஜத்தில் அவருக்கு மொத்தமே ஐந்து மா, கதையில் தாராளமாக அரை வேலி கொடுத்தேன்.) அந்தப் பாத்திரம் சுத்தத் தட்டை என்று ஒரு விமரிசகர் எழுதினார். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால், 'நிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்' என்ற ஒரு வாக்கியத்தில் நானே அவரைச் சொல்லி முடித்திருந்தேன் என்பதும் வாஸ்தவந்தான்.

குடியிருக்கிற 'ஃப்ளாட்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது வேறு கதை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வீட்டின் தளத்தை 'ஃப்ளெட்' என்பார்களாம். தளம், மாடி, அந்த மாடியில் உள்ள வீடு என்று அது நகர்ந்து, வழியில் 'ஃப்ளாட்' என்ற சொல்லோடு கலந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தோண்டினால், ஆங்கிலேயரின் 'ஃப்ளாட்'டும், அகலம் தட்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும், பரந்து கிடப்பவள் என்ற பொருளில் பூமிக்குச் சம்ஸ்கிருதம் வைத்த 'பிருதிவி' என்ற பெயரும் ஒரே வேரில் போய் முடிவதாக மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது மாடியில் இருப்பதும் பிருதிவிதான் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மண்வெட்டிக்குக் காம்பு போட்டிருப்பார்.

இதில் தமிழின் பங்கு என்னவென்றால், அந்த முதல் எழுத்தின் ஒலி நம்மிடம் இல்லை. ஆய்தத்தைக் கூடச் சேர்த்து எழுதி ஒப்பேற்றுகிறோம். பேச்சில் அதையும் விட்டுவிடுகிறோம். மனையும் 'பிளாட்', மாடி வீடும் 'பிளாட்'. போதாதற்கு, நடைபாதைக்குப் 'பிளாட்பாரம்' என்று பெயர். சென்னைப் பட்டணத்தில் பிளாட்டில் வீடு கட்டியவர்கள், ஃப்ளாட்டில் குடியிருப்பவர்கள், பிளாட்பாரத்தில் படுத்துக்கொள்கிறவர்கள் என்று ஜனங்கள் மூன்று விதம்.

சரி, தட்டை என்பதை இவ்வளவு இழிவாகச் சொல்கிறார்களே, தட்டையாக இருப்பது அவ்வளவு சுலபமா? இந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரன்தான் கேட்க முடியும்.

எங்கள் வயல்கள் தாமாகச் சமமாக இருப்பதாக ரயிலில் போகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு போதும் இல்லை. உழுது சேறாக்கிய வயலில் பரம்படிக்க வேண்டும். நீளமான ஒரு பலகை. அதை மாடு இழுக்கும். பலகையின்மேல் ஒரு ஆள் நிற்பான். மேட்டில் இருக்கிற சேற்றை அது வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விட வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்களில் பாதி, சித்தப்பா ஓட்டிய பரம்பின்மேல் பாரத்துக்காக உட்கார்ந்து போன நாட்கள்தான். ஒரு சுற்று அடித்ததும் மாட்டை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். எங்கே சேறு முதுகைக் காட்டுகிறது, எங்கே தண்ணீர் கறுத்து நிற்கிறது என்று பார்ப்பார். மேட்டில் நட்ட நாற்றுக் காயும். பள்ளத்தில் நட்டது அழுகும். நாலு விரல் கட்டைத் தண்ணீர் வயல் முழுவதும் ஒரே மாதிரி நின்றால்தான் நடவு. "நம்ம கண்ணு பொய் சொல்லும், தண்ணி சொல்லாது" என்பார்.

அவர் 'தட்டை' என்று சொல்லமாட்டார். 'சமம்' என்றும் சொல்லமாட்டார். அவருடைய வார்த்தை 'மட்டம்'. "வயல் இப்பத்தான் மட்டமாச்சு" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு திருப்தி இருக்கும். இந்தச் சொல்லுக்கும் தமிழில் 'ஃப்ளாட்'டின் ஜாதகந்தான். கொத்தனாரிடம் ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை என்று மரியாதையாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு வந்தால் மட்டமான சரக்கு. ஆபீசில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுகிறார்கள். குள்ளமாக இருந்த பாவத்துக்கு ஒரு குதிரை மட்டக்குதிரை ஆயிற்று. வீட்டை இடித்தால் தரைமட்டம். சர்க்காரோ 'உயர்மட்டக் குழு' என்று ஒன்று போடுகிறார்கள். மட்டம் எப்படி உயரமாக இருக்கும் என்று சித்தப்பா ஒரு தடவை என்னைக் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மட்டமான நாட்டில் உயரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மலை இல்லாததனால் மலையையே கட்டினார்கள். சிக்கலிலும் கீழ்வேளூரிலும் சுவாமி கட்டுமலைமேல்தான் எழுந்தருளியிருக்கிறார். கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லும் மாடக் கோயில்கள் அவை. நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங் எழுப்பியது. நாகப்பட்டினத்திலேயே ஒரு பழைய செங்கல் கோபுரம் மூன்று நிலைகளோடு நின்றுகொண்டிருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விஹாரத்தோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். கடலிலிருந்து பார்க்கிற மாலுமிக்கு எங்கள் கரை ஒரு கோடாகத்தான் தெரியும். அந்தக் கோட்டில் இந்தக் கோபுரம் ஒரு புள்ளி. 1867ஆம் வருஷம் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கரை மட்டுமல்ல, கடலின் அடிப்பக்கமும் எங்கள் பக்கத்தில் வெகு தூரத்துக்கு ஆழமில்லாமல்தான் போகிறது. 'ரஜூலா' கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் வழியில் எங்கள் ஊருக்கு வரும். கரைக்கு வர முடியாமல் தள்ளியே நிற்கும். ஜனங்கள் படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

அந்தக் கடல் 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி காலையில் தானே கரைக்கு வந்தது. அதற்குமுன் 1952லும் 1977லும் புயல்களைப் பார்த்த ஊர்தான் நாகப்பட்டினம். காற்று வந்தால் குனிந்துகொள்ளத் தெரியும். தண்ணீர் சுவராக எழுந்து வந்தபோது ஓடி ஏறிக்கொள்ள ஒரு மேடு இல்லை. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் மனிதர்கள் ஓடினார்கள், ஓடினார்கள், தரை கொஞ்சங்கூட உயரவே இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சென்னைக்கு வருவோம்.

வேளச்சேரியில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் சித்தப்பா கன்றுகளைத் தாமே தூக்கிக்கொண்டார். சின்னவன் ஓடி வந்தான். "வாங்கப்பா, வாங்கண்ணே, மேலே போகலாம்" என்றான்.

"மேலேயா?"

"மூணாவது மாடிப்பா. லிஃப்ட் இருக்கு."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மண்வெட்டியைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மேலே போய், கையலம்பி, மணையில் உட்கார்ந்து, செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தார். பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கன்றுகள் இரண்டும் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டிருந்தன.

பிற்பகலில், "பத்திரத்தைக் கொண்டா தம்பி" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "பிரிவுபடாத பாகம் 432 சதுர அடின்னு போட்டிருக்கே, அது என்னா?"

"அதுதாம்பா நம்ம பங்கு நிலம். கட்டடம் நிக்கிற மனையில நமக்கு உள்ள பாத்தியதை."

"மூணு குழி" என்றார் சித்தப்பா. "எந்தப் பக்கம் இருக்கு?"

"எந்தப் பக்கம்னு சொல்ல முடியாதுப்பா. எல்லாருக்கும் பொதுவா இருக்கு. பிரிக்க முடியாது."

"எத்தனை பேரு பங்காளி?"

"இருபத்துநாலு வீடு."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க மூணு பேரு பங்காளிங்க. எட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தோம்" என்றார்.

அவ்வளவுதான். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்த சின்னவனுக்கு அழுகை வந்துவிட்டது. தான் பொய் சொல்லவில்லை என்றான். அது நிஜந்தான், அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். அதை அங்கேயே சொன்னேன். "ரயில்ல நீ தூங்கலேன்னு பார்த்தேன்" என்றார் சித்தப்பா. மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு எழுந்து பால்கனிக்குப் போனார். அங்கே நின்று பார்த்தால் எதிரே இதே மாதிரி இன்னொரு கட்டடம். கீழே கொஞ்சம் சதுப்பு, தண்ணீர், நாணல். அதைத்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே வந்து, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துப் போய், பளபளவென்று இருந்த பால்கனித் தரையில் மெதுவாக ஊற்றினார்.

மருமகள் பதறிப் போனாள். "மாமா, நான் துடைச்சுடறேன்."

"இரும்மா" என்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. வெளியே போவதற்காக வைத்திருந்த குழாய் பக்கம் அது போகவில்லை. நெளிந்து திரும்பி, ஹால் வாசலை நோக்கி நிதானமாக நடந்து, நிலைப்படியில் வந்து நின்றது.

"மடை உள் பக்கமா இருக்கு தம்பி. அரை விரக்கடை வாட்டம். மழை பெய்ஞ்சா வீட்டுக்குள்ளதான் பாயும்."

"எல்லாம் மிஷின் வெச்சு மட்டம் பார்த்துக் கட்டினதுப்பா" என்றான் சின்னவன்.

"இருக்கலாம்" என்றார் சித்தப்பா.

கன்றுகளைக் காம்பவுண்டு ஓரத்தில் வைக்கலாமா என்று விசாரித்ததில், கார் நிறுத்துகிற இடம், சங்கத்தின் அநுமதி வேண்டும் என்றார்கள். ஆகவே இரண்டும் எங்களோடு திரும்பி ஊருக்குப் பிரயாணம் செய்தன. ஒன்றைச் சித்தப்பா களத்துமேட்டில் வைத்தார். மற்றதை வெளிப்பாளையத்தில் என் வீட்டுக் கொல்லையில், தாமே குழி வெட்டி வைத்துவிட்டுப் போனார்.

இதற்குள் விற்ற மூன்று மாவில் மண் கொட்டி மூன்றடி உயர்த்திவிட்டார்கள். மஞ்சள் கல் வந்தது, வளைவு வந்தது. எங்கள் பக்கம் நிலத்தின் சரிவு மைலுக்கு மூன்று அடிகூட இராது. அந்தச் சரிவை நம்பித்தான் வாய்க்கால் ஒரு பக்கம் தண்ணீரைக் கொண்டுவருகிறது. வடிகால் இன்னொரு பக்கம் வெளியே கொண்டுபோகிறது. பிளாட்டுக்காக மண்ணடித்தபோது வடிகால் மூடிப்போய்விட்டது. சித்தப்பா போய்ச் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேடாகிப்போனது அவரே விற்ற நிலம். மூழ்கப் போவது அவரிடம் மிச்சம் இருக்கிற நிலம். இந்த வழக்கை யாரிடம் போய்ச் சொல்வது?

2015ஆம் வருஷம் நவம்பர் மாதம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கமும் விடவில்லை, சென்னையையும் விடவில்லை. டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாற்றில் வெள்ளம் வந்து சென்னை மூழ்கியதை எல்லோரும் அறிவோம். வேளச்சேரியில் படகு போவதாகச் சொன்னார்கள். சின்னவனின் டெலிபோன் பேசவில்லை. நான் கீழ்வேளூருக்குப் போய்ச் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் திண்ணையை விட்டு அசையவில்லை. எதிரே இரண்டு மாவும் ஏரியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணாவது மாடிதானே, மூணாவது மாடிதானே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் ஒரு தடவை கேட்டார்: "மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாதுல்ல?" ஏறாது என்றேன். அந்த மூன்று நாளும் அந்தப் பிளாட் உயரத்தில் இருந்ததற்காக நாங்கள் இருவரும் வேண்டாத தெய்வம் இல்லை.

நாலாம் நாள் மணி அடித்தது. சித்தப்பா எல்லோரும் கேட்கும்படி டெலிபோனைத் திண்ணையில் வைத்தார்.

"நல்லா இருக்கோம்ப்பா. கரண்ட் இல்லே. அப்பா, நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. பால்கனித் தண்ணி பூராவும் ஹாலுக்குள்ள வந்துடுச்சு. கோணியைப் போட்டு அடைச்சிருக்கேன்."

"கோணி நிக்காது. வாசப்படியில அணை போடு. கீழ இருக்கறவங்க என்ன ஆனாங்க?"

"கீழ் வீடெல்லாம் மூழ்கிப் போச்சுப்பா. எல்லாரும் எங்க வீட்டுலதான் இருக்காங்க. பதினோரு பேரு. அரிசி ரெண்டு நாளைக்குத்தான் வரும்."

"பங்காளிங்கதானே" என்றார் சித்தப்பா. "இருக்கறதைப் பொங்கிப் போடு. நாளைக்கு அண்ணன் மூட்டை அனுப்புவான்."

நான் தலையை ஆட்டினேன். எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அங்க எப்படிப்பா? வயலு?"

சித்தப்பா அப்போதுதான் வயலைத் திரும்பிப் பார்த்தார். வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. மஞ்சள் கற்களின் அடி வரைக்கும், மேலே இருந்த மேகத்தைக் காட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தது தண்ணீர்.

"மட்டமா நிக்குது தம்பி" என்றார்.